ஊறுகாய் வைக்கும் இடம்

திருச்சிராப்பள்ளி,
14-6-1992

அன்புள்ள தாயாருக்கு,

எலும்பில் சுண்ணாம்பு குறைகிறது, ரத்தத்தில் சுண்ணாம்பு கூடுகிறது, அப்படிப்பட்ட உன் கணவனுக்குச் சுண்ணாம்பு மாத்திரை கொடுக்கலாமா கூடாதா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. இருபத்துநாலு வருஷமாக வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். கால்சியம் கார்பனேட்டைச் சோதனைக் குழாயில் போட்டால் என்ன ஆகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதை என் தம்பிக்குள் போட்டால் என்ன ஆகும் என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை.

இங்கே எங்கள் கல்லூரி டாக்டரிடம் கேட்டுப் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். பருப்பு, பால், தானியம் எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் இருக்கிறது. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அது வெளியே போகாமல் ரத்தத்தில் தங்கிவிடுகிறது. டயாலிசிஸ் கொஞ்சம்தான் எடுக்கும். கழுத்தில் அரிசி அளவில் நாலு சுரப்பிகள் இருக்கின்றன. பாராதைராய்டு என்று பெயர். ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறினால் இவை பதற்றப்பட்டு, எலும்பிலிருந்து சுண்ணாம்பைப் பிடுங்கி ரத்தத்தில் விடுகின்றன. அதனால்தான் இவனுக்குக் காலில் வலி, உடம்பெல்லாம் அரிப்பு. மாத்திரை கொடுப்பது பாஸ்பரஸைக் கட்டுவதற்கு. ஆனால் கால்சியமும் ஏறிவிட்டதால், சுரப்பிகள் யார் சொல்லையும் கேட்காத நிலைக்குப் போய்விட்டனவோ என்று டாக்டர் சந்தேகப்படுகிறார்.

இது ஒருவர் சொல்லி நான் எழுதுவது. முழுக்க நம்பிவிடாதே. கழுத்தில் ஆபரேஷன் என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் மாங்காய் விலைக்குப் போய்விட்டாய். ஆபரேஷன் பற்றி என்ன சொன்னார்கள்? என் முழங்கால் பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
வேதவல்லி


மேற்குத் தாம்பரம்,
22-6-1992

மரியாதைக்குரிய அண்ணிக்குத் தாயாரம்மாளின் வணக்கம்.

எல்லோரும் சுகம் என்று எழுதினால் பொய். இவரைத் தவிர எல்லோரும் சுகம் என்று எழுதினால் இவர் எடுத்துப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்வார். அதனால் இரண்டையும் எழுதவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் ஒழுங்காக நடக்கிறது. அரிப்புதான் தாங்கவில்லை. முதுகுக்கு எட்டவில்லை என்று என் மரக்கரண்டியை எடுத்துக்கொண்டுவிட்டார். சாம்பாருக்குப் புதுக் கரண்டி வாங்கினேன். ரத்தத்தில் சுண்ணாம்பு பதினொன்று புள்ளி ஆறு, பத்தரைக்கு மேல் போகக்கூடாதாம். அதற்காக விட்டமின் மாத்திரையை நிறுத்தினார்கள், சுண்ணாம்பு மாத்திரையை ஆறிலிருந்து நாலாகக் குறைத்தார்கள். அப்படியும் பதினொன்று புள்ளி நாலில் நிற்கிறது. பாஸ்பரஸோ இறங்கவே இல்லை. சுரப்பியின் கோளாறு எவ்வளவு என்று பார்க்க ரத்தம் எடுத்து பம்பாய்க்கு அனுப்பியிருக்கிறார்கள். வர இரண்டு மாதம் ஆகுமாம். அது வந்ததும் ஆபரேஷன் தேதி.

சர்ஜனைப் பார்த்ததை நான் எழுதாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. அவர் நல்ல மனிதர். படம் போட்டுக் காட்டினார். "குரல் நரம்பு இந்த கிளாண்டுக்குப் பக்கத்துலயே ஓடுது சார். ரொம்ப ஜாக்கிரதையாத்தான் பண்ணுவோம். இருந்தாலும் நூத்துல ஒருத்தருக்குக் குரல் கம்மிப்போக வாய்ப்பு இருக்கு" என்றார்.

உங்கள் தம்பி கேட்டார்: "அந்த ஒருத்தர் இன்னா வேலை பாக்கறாரு சார்?"

டாக்டர் சிரித்தார். இவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வருஷமாகத் தாம்பரம் ஸ்டேஷனில் எந்த வண்டி எந்த பிளாட்பாரம் என்று மைக்கில் சொல்கிறவருக்கு அந்தக் குரலை விட்டால் என்ன இருக்கிறது?

கோடம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரை எலெக்ட்ரிக் டிரெயினில் வாயே திறக்கவில்லை. இறங்கினபோது மைக்கில் புதுப் பையன், "செங்கல்பட்டு"க்கு "செங்கப்பட்டு" என்று சொன்னான். மற்ற நாளாக இருந்தால் இவர் நேராக அந்த அறைக்குப் போய் ஒரு பிடி பிடித்திருப்பார். அன்றைக்குக் காதில் விழாத மாதிரி நடந்தார். அண்ணி, அப்போதுதான் நான் பயந்தேன்.

இதை நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
தாயாரம்மாள்


மேற்குத் தாம்பரம்,
30-6-1992

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

உன் முழங்கால், உன் கல்லூரி, உன் மாணவிகள் எல்லோரும் நலமா? நான் நலம். உடம்புக்கு என்று எழுத ஒன்றும் இல்லை.

ஸ்டேஷனில் எல்லாம் வழக்கம்போல. போன புதன்கிழமை ஒரு அம்மாள் என் அறைக் கதவைத் தட்டி, "நீதான் உள்ளே இருந்து பேசறவனா? கொரலைக் கேட்டா ஆறடி ஆளுன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்காகவே வந்தாளாம். வெள்ளிக்கிழமையில் பல்லாவரம் சந்தைக்குப் போகிற கூட்டத்துக்கு என் குரல் கிடைப்பதில்லை, அன்றைக்கு நான் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேன். சந்தைக்காரர்கள் ஏதோ சமாளிக்கிறார்கள்.

ரேடியோ கடை ஜமால் ஞாயிற்றுக்கிழமை டேப் ரிக்கார்டரோடு வந்தான். பொழுது போகவில்லை. சும்மா இருப்பானேன் என்று, கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை எல்லா வண்டிகளுக்கும் அறிவிப்பு சொல்லி ஒரு கேசட்டில் பதிந்தோம். இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. தாமதத்துக்கு வருந்துகிறோம் என்பதை மட்டும் நாலு தடவை பதிந்தோம், நாலு விதமான வருத்தத்தோடு. ஜமால், "மச்சான், மூணாவதுல நெஜமாவே வருத்தப்படறடா" என்றான்.

வேறு விசேஷம் இல்லை. தாயாரு ஏதாவது பயந்து எழுதினால் பொருட்படுத்தாதே.

உன் தம்பி,
பக்தவச்சலம்


திருச்சிராப்பள்ளி,
8-7-1992

அன்புள்ள தாயாருக்கு,

உன் கணவனிடமிருந்து மிகவும் சந்தோஷமான கடிதம் வந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கேசட் விஷயம் உனக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் கேட்க வேண்டாம்.

நீ அனுப்பிய ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். டாக்டருக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் கணக்கு ஒன்று உதைக்கிறது. அந்த மாத்திரை வயிற்றில் சாப்பாட்டைச் சந்தித்தால் அதிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். அப்படிப் போவதுதான் அதன் வேலை. இவனுக்கோ பாஸ்பரஸ் அப்படியே இருக்கிறது, கால்சியம் மட்டும் ரத்தத்துக்குள் போகிறது. அப்படியென்றால் மாத்திரை தன் வேலையைச் செய்யாமல் வேறெங்கோ போகிறது. சுரப்பிகள்தான் காரணமாக இருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்.

எனக்கு ஒரு உபகாரம் செய். ஒரு முழு நாளை எழுது. டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதாதே. உன் வீட்டில் என்ன நடக்கிறது என்று எழுது. எழுந்ததிலிருந்து படுக்கும் வரை, எத்தனை மணிக்கு, எது, எங்கேயிருந்து எடுத்து, எதனோடு. என் மாணவிகள் ஆய்வுக்கூட நோட்டில் எழுதுவதுபோல எழுது. நீ அவர்களைவிட நேர்மையாக எழுதுவாய் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
வேதவல்லி


மேற்குத் தாம்பரம்,
17-7-1992

மரியாதைக்குரிய அண்ணிக்கு வணக்கம். தங்கள் முழங்காலுக்குக் கற்பூரத் தைலம் தேய்க்கவும்.

நீங்கள் கேட்டபடி புதன்கிழமையை எழுதுகிறேன். டயாலிசிஸ் இல்லாத நாள்.

ஐந்தே கால்: எழுந்தார். காபி கால் டம்ளர்தான், தண்ணீர்க் கட்டுப்பாடு. ஐந்தே முக்கால்: குளியல். குளிக்கும்போது மூன்று அறிவிப்பு. ஆறு மணி: சாமி அலமாரியைத் திறந்து விளக்கேற்றினார். திருமண் இட்டுக்கொண்டார். மருந்து டப்பாவும் அங்கேதான், பெருமாள் படத்துக்கு இடது பக்கம். பிரஷர் மாத்திரை ஒன்று, சுண்ணாம்பு மாத்திரை நாலு, ஐந்தையும் உள்ளங்கையில் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு வாய் துளசித் தீர்த்தத்தோடு முழுங்கிவிட்டார். அலமாரியைச் சாத்தினார். எட்டு மணி: இட்லி மூன்று, சட்னி இல்லை. எட்டரை: டூட்டி. ஒரு மணி: ஸ்டேஷனில் டிபன் பாக்ஸ், சாதம், புடலங்காய்க் கூட்டு. ஆறு மணி: வீடு. எட்டு மணி: சாதம், ரசம் ஒரு கரண்டி. ஒன்பதரை: மரக்கரண்டியோடு படுக்கை.

டாக்டர், "நாலு மாத்திரை, சாப்பாட்டோட" என்றுதான் சொன்னார். ஆனால் சாப்பிடுகிற கை எச்சில் கை இல்லையா? எச்சில் கையோடு எப்படி சாமி அலமாரியைத் திறப்பது? இடது கையால் எடுப்பதும் சரியில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டுத் திரும்ப உட்காருவதும் நம் வீட்டில் வழக்கமில்லை. ஸ்டேஷனுக்கு எடுத்துப் போகச் சொன்னால், "சாமிகிட்ட இருக்கறதை சட்டைப் பையில போட்டுக்கினு கண்ட எடத்துக்கும் போறதா?" என்கிறார். அதனால் காலையிலேயே சுத்தபத்தமாக மொத்தத்தையும் முடித்துவிடுகிறார்.

மருந்து அங்கே இருக்கிற ஏற்பாடு உங்களுக்குத் தெரிந்ததுதான். மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட ஒரு மாத்திரைகூடத் தவறியதில்லை. அதை மட்டும் நான் பெருமையாகவே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தாயாரம்மாள்


தந்தி
21-7-1992

வெறும் வயிற்றில் சுண்ணாம்பு மாத்திரை வேண்டாம். எப்போது சாப்பிடுகிறான் என்பதை டாக்டரிடம் உடனே சொல்லவும். பயப்பட ஒன்றுமில்லை. கடிதம் வருகிறது. வேதவல்லி.


ஆஸ்பத்திரி, டயாலிசிஸ் பிரிவு,
7-8-1992, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. இடது கையில் இரண்டு ஊசி. வலது கையால் எழுதினால் பிபி மெஷின் கத்துகிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல இங்கே உள்ள நர்ஸ் பியூலா எழுதுகிறார். நல்ல பெண். கொஞ்சம் வாய் அதிகம். (நான் இதை எழுத மாட்டேன் என்றேன். எழுதியே ஆகவேண்டும் என்கிறார். பியூலா.)

கடிதம் வருகிறது என்று தந்தி கொடுத்தாய். இரண்டு வாரம் ஆகிவிட்டது. வரவில்லை. உடம்பு சரியில்லையா?

தந்தி வந்த வாரம் வெள்ளிக்கிழமையே தாயாரு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்து உன் ஆய்வுக்கூட நோட்டை டாக்டரிடம் சொல்லிவிட்டாள். அவர் என்னைப் பார்த்தார்.

"மாத்திரையை எப்ப சாப்பிடறீங்க?"

"காலைல ஆறு மணிக்கு சார்."

"எதோட?"

"தீர்த்தத்தோட."

டாக்டர் பேனாவை மூடினார். பிறகு, "அந்தத் தீர்த்தத்துல பாஸ்பரஸ் இருக்கா சார்?" என்றார். இந்தப் பிரிவே சிரித்தது. அடுத்த படுக்கைக்காரர் சிரித்து அவருடைய மெஷினும் கத்தியது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "மூணு மாசமா ஒழுங்கா சாப்பிடறீங்களான்னு கேட்டேன். எப்பன்னு ஒரு தடவை கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் என் காலடியில் உட்கார்ந்துகொண்டார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

இந்தப் பியூலா என்ன சொன்னாள் தெரியுமா? "இன்னா சார் நீ! அது மாத்திரையே இல்ல, தொட்டுக்கற மாதிரி. சோத்துக்கு நடுவுல மென்னு துன்னணும்." (நான் சார் என்று மரியாதையோடுதான் சொன்னேன்.)

எச்சில் கை என்றேன். "எச்சில் கையாலதான சோறு துன்றே? சோறு சாமி இல்லியா?" என்று கேட்டாள். உனக்குப் பதில் தெரிந்தால் எழுது.

மதியம் இரண்டு, இரவு இரண்டு என்று மாற்றியிருக்கிறார்கள். இனி என்ன ஆகும் என்று பார்ப்போம். ஆபரேஷன் இன்னும் இருக்கிறது, தேதி மட்டும் போடவில்லை.

தம்பி,
பக்தவச்சலம்

(அக்காவுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் ஊசி குத்தும்போதுகூட இவர் ரயில் அறிவிப்பு சொல்லிக்கொண்டு படுத்திருப்பார். இரண்டு மாதமாக இங்கே சொல்லவில்லை. இன்றைக்கு மறுபடி சொன்னார். உங்களுக்குத் தெரியட்டும் என்று எழுதினேன். பியூலா.)


மேற்குத் தாம்பரம்,
25-8-1992

மரியாதைக்குரிய அண்ணிக்கு வணக்கம்.

தங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கல்லூரிக்கு டிரங்க் கால் போட்டேன். வகுப்பில் இருக்கிறீர்கள் என்றார்கள். வகுப்பு எடுக்கிறீர்கள் என்றால் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன்.

மாத்திரையை எங்கே வைப்பது என்று இரண்டு நாள் சண்டை நடந்தது. அலமாரியிலிருந்து எடுத்துச் சமையலறையில் வைத்தேன். நான் பரிமாறும்போது தட்டிலேயே வைத்துவிடுகிறேன் என்றேன். "தட்டுல எங்கடி வெப்பே?" என்றார். "ஊறுகாய் வெக்கற எடத்துல. உங்களுக்குத்தான் உப்பு கூடாதுன்னு ஊறுகாயை நிறுத்தி மூணு வருஷமாச்சே. எடம் சும்மாத்தான கீது" என்றேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூட்டில் தொட்டு ஒரு கடி கடித்தார். "உப்பு போதலை" என்றார். அன்றோடு சண்டை தீர்ந்தது. ஸ்டேஷன் டிபன் பாக்ஸில் ஊறுகாய்க் கிண்ணத்தில் போட்டு அனுப்புகிறேன்.

சுண்ணாம்பு இப்போது பத்து புள்ளி ஒன்று. பாஸ்பரஸ் எட்டிலிருந்து ஐந்தே முக்காலுக்கு வந்துவிட்டது. மரக்கரண்டி என்னிடம் திரும்ப வந்துவிட்டது, ஆனால் அதை இனி சாம்பாரில் போட மனசு வரவில்லை. பம்பாய்க்கு மறுபடி புதிதாக ரத்தம் போயிருக்கிறது, இந்தத் தடவை மூன்று வாரத்தில் முடிவு வந்துவிடுமாம். முதலில் போனதையும் இதையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்லமுடியுமாம்.

அண்ணி, இங்கே யாரும் எதையும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. எழுதுங்கள்.

இப்படிக்கு,
தாயாரம்மாள்


திருச்சிராப்பள்ளி,
2-9-1992

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். வகுப்புகளை ஒழுங்காக எடுத்தேன். கடிதம் எழுத மட்டும்தான் முடியவில்லை.

டயாலிசிஸ் ஆரம்பித்த புதிதில், 89-ஆம் வருஷம், நீ மருந்து சாப்பிட மறந்துவிடுகிறாய் என்று தாயாரு எழுதியிருந்தாள். நான் பதில் எழுதினேன். என்ன எழுதினேன் என்று எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது: "அவன் சாப்பாட்டை மறந்தாலும் சாமி அலமாரியை மறக்கமாட்டான். மருந்தை அங்கே வை." எழுதிவிட்டு மிகவும் சாமர்த்தியமாக எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். எனக்கு அந்த அலமாரியில் நம்பிக்கை இல்லை என்று உனக்குத் தெரியும். உன் நம்பிக்கையை ஒரு அலாரக் கடிகாரமாக உபயோகப்படுத்தினேன். எச்சில் கையோடு அதைத் திறக்கமாட்டாய் என்பதை நான் யோசிக்கவில்லை. அதே வீட்டில்தான் நானும் வளர்ந்தேன்.

தாயாரு எழுதிய நாள் குறிப்பைப் படித்ததும் தந்தி கொடுத்தேன். அதில் பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதியது பொய். உன் கழுத்தில் கத்தி வைக்கும் அளவுக்குக் கொண்டுவந்தவள் நான் என்று எழுதத்தான் கடிதம் வருகிறது என்றேன். ஆறு வாரம் ஆகிவிட்டது.

உங்கள் இருவருக்கும் இது முதல் நாளிலேயே தெரிந்திருக்கும். யாரும் எழுதவில்லை. அதற்கு நன்றி சொல்வதா கோபித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

ஒரு மாத ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு சந்தோஷப்படாதே. பம்பாய் முடிவு வரட்டும்.

வேதவல்லி


மேற்குத் தாம்பரம்,
14-9-1992

என் அக்காவுக்கு ஆயிரம் நமஸ்காரம்.

இந்தக் கடிதத்தை என் கையாலேயே எழுதுகிறேன். பம்பாய் வந்துவிட்டது! அதை முதலில் சொல்லவேண்டுமா, உன்னைத் திட்டுவதை முதலில் செய்யவேண்டுமா என்று தாயாருவோடு வாக்குவாதம். அவள் ஜெயித்தாள்.

அந்தச் சுரப்பியின் ஹார்மோன் அளவு ஆரோக்கியமான மனிதருக்கு இருப்பதைவிட அதிகம்தான். ஆனால் சிறுநீரகம் போனவர்களுக்கு இந்த அளவு எதிர்பார்ப்பதுதான், சுரப்பிகள் இன்னும் சொன்னபடி கேட்கின்றன, கழுத்தைத் தொடவேண்டிய அவசியம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். என்றைக்காவது ஆபரேஷன் தேவைப்படலாம், இப்போது இல்லை. சர்ஜன் என் கையைக் குலுக்கி, "உங்களை ஆபரேஷன் பண்ணாததுல எனக்கு ரொம்ப சந்தோஷம்" என்றார். தாயாரு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். பியூலா அவளை அதட்டினாள்.

இனி உன் விஷயம். அந்த 89 கடிதம் என்னிடம் இருக்கிறது. உன் தந்தி வந்த அன்றைக்கே எடுத்துப் படித்தேன். அக்கா, அந்த முதல் வருஷம் நான் மருந்தை மறக்கவில்லை. வேண்டுமென்றே விட்டேன். எல்லாம் போதும் என்று இருந்தது. அதைத்தான் தாயாரு மறதி என்று உனக்கு எழுதியிருக்கிறாள். அலமாரியில் வைத்த பிறகுதான் விடமுடியவில்லை. பெருமாள் முன்னால் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. மூன்று வருஷம் உயிரோடு இருந்தது அந்த அலாரக் கடிகாரத்தால். ஒரு மாத்திரைதான் எடுக்கவேண்டிய நேரத்தில் எடுக்கவில்லை. இதற்கு ஆறு வாரமா பேசாமல் இருப்பாய்? பிரஷர் மாத்திரை இன்னும் அங்கேதான் இருக்கிறது, இருக்கும்.

கேசட்டைக் கேட்காதே. ஜமால் அதன்மேல் அவன் தங்கை கல்யாண நாதஸ்வரத்தைப் பதிந்துவிட்டான். நான்தான் பதியச் சொன்னேன்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, அக்டோபர் 3, நம் வீட்டில் பெருமாளுக்குத் தளிகை போட்டு விருந்து. நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் வடை உண்டு. புதன்கிழமையே புறப்பட்டு வா.

பக்தவச்சலம்


மேற்குத் தாம்பரம்,
4-10-1992

அன்புள்ள பியூலாவுக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கிறார்கள் என்று நம்புகிறேன். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் பிரிவில் உங்களை முதல்முறையாகப் பார்த்தேன். நான் அதிகம் பேசவில்லை. அது என் சுபாவம், தவறாக நினைக்கவேண்டாம். சனிக்கிழமை டூட்டி என்பதால் தளிகைக்கு வரமுடியாது என்றீர்கள். "விருந்து நாள்ல எல்லாரும் மாத்திரையை மறந்துடுவாங்க, நீங்க பாத்துக்கோங்கக்கா" என்றும் சொன்னீர்கள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எனவே அடுத்த நாள் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கூடத்தில் முதல் பந்தி. இருபத்திரண்டு இலை. தம்பிக்கு வடை பாதி, பருப்பு கொஞ்சம், பாயசம் இரண்டு ஸ்பூன் என்று தாயாரு முன்பே தீர்மானித்திருந்தாள். வடை சட்டியை விட்டு நகர முடியாததால், பரிமாற வந்த ஏகநாதனிடம் மாத்திரை டப்பாவைக் கொடுத்து, "ஊறுகாய் வெக்கற எடத்துல ரெண்டு வெச்சிடுப்பா" என்று சொல்லியிருக்கிறாள். யாருக்கு என்று சொல்லவில்லை.

ஏகநாதன் ஒழுங்கான ஆள். முதல் இலையிலிருந்து ஆரம்பித்துவிட்டார். தம்பி இருந்தது கடைசிக்கு முந்தின இலை. நான் கடைசி. நான் கவனித்தபோது பாதிப் பந்தி தாண்டியிருந்தது. தளிகை நாளில் இலையில் விழுவது எல்லாம் பிரசாதம். யாரும் என்னவென்று கேட்கவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார்கள். ரிட்டையர்டு கார்டு துளசிங்கம் மட்டும், "இன்னா ஏகநாதா, பச்சைக் கற்பூரம் வாசனையே காணோம்? இன்னும் ரெண்டு வெய்யி" என்றார். வைத்தார்.

நான் எழுந்து சொல்லியிருக்கவேண்டும். வகுப்புக்கு வெளியே எனக்குக் கூட்டத்தில் குரல் எழும்பாது. தம்பியின் தோளைத் தொட்டுக் காட்டினேன். அவன் பந்தியை ஒரு பார்வை பார்த்தான். எழுந்து நின்றான். மைக் இல்லை.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. உங்கள் இலையில் ஊறுகாய் இடத்தில் வந்து நிற்கும் இரண்டு வெள்ளை மாத்திரைகள் பிரசாதம் அல்ல. அவை தாம்பரம் பக்தவச்சலம் அவர்களின் சுண்ணாம்பு மாத்திரைகள். ஏற்கனவே புறப்பட்டுச் சென்றுவிட்ட மாத்திரைகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். துளசிங்கம் சார் மட்டும் இன்று பால் சாப்பிட வேண்டாம். ஏற்பட்ட இடையூறுக்கு வருந்துகிறோம்."

தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். பந்தி சிரித்த சிரிப்பில் ஏகநாதன் டப்பாவைக் கீழே போட்டுவிட்டார். தாயாரு சமையலறையிலிருந்து ஓடிவந்து, விஷயம் தெரிந்ததும் வடைக் கரண்டியால் தன் தலையிலேயே தட்டிக்கொண்டாள். ஜமால் சிரிப்பில் தண்ணீர் புரையேறி, இரண்டு பேர் முதுகில் தட்டினார்கள். யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்று காலை துளசிங்கத்தின் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரித்துவிட்டேன்.

ஆனால் டப்பா காலி. தம்பியின் இலைக்கு முன்பே தீர்ந்துவிட்டது. நடு இலையில் வைத்ததுதான் கடைசி என்று நினைத்தேன். பார்த்தால், என் இலையில் இரண்டு இருந்தன. நான் கவனிக்காதபோது ஏகநாதன் வரிசையின் இந்த முனையில் எனக்கு முதலிலேயே இரண்டு வைத்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போயிருக்கிறார். ஊரிலிருந்து வந்த பெரியவள் என்ற மரியாதையாம். மருந்துக் கடை மூன்று தெரு தள்ளி. சாம்பார் சாதம் பாதி ஆகிவிட்டது.

நான் சாப்பிட ஆரம்பித்திருந்தேன். என் கையும் இலையும் எச்சில். அந்த இரண்டையும் எடுத்து அவன் இலையில் வைத்தேன்.

அவன் மாத்திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "உன் எலையில இருந்ததா?" என்றான்.

"ஆமாம்."

ஒன்றை வாயில் போட்டு மென்றான். ஒரு கவளம் சாதம். பிறகு இன்னொன்று. "ஏகநாதா, இங்க ரசம்" என்று கூப்பிட்டான். ரசம் வந்தது. ஒரு கரண்டிதான் ஊற்றவிட்டேன்.

அன்புடன்,
வேதவல்லி